மூலக்குரல்: பழைய பிரித்தானிய ஸ்பீக்கர்களும் ‘விசுவாசம்’ என்ற சொல்லும்

‘ஹை-ஃபை’ என்பதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘உயர்ந்த விசுவாசம்’ என்று வரும். விசுவாசம் என்றதும் நமக்கு நாயும் வேதாகமமும் ஞாபகம் வருகின்றன; ஆங்கிலேயனுக்கு ஒரு மரப்பெட்டி ஞாபகம் வருகிறது. யாருக்கு விசுவாசம், எதற்கு விசுவாசம் என்ற கேள்வி இந்தச் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. ஆனால் அந்தப் பெட்டிகளைப் பற்றி எழுதுபவர்கள் அதைக் கேட்பதில்லை. நமது விமர்சகர்களில் ஒரு சாரார் ‘யதார்த்தம்’ என்ற சொல்லைப் பாவித்த விதமும் இதற்குக் கிட்டத்தான் வரும். நாவல் வாழ்க்கையைப் பிரதிபலிக்கிறது என்றார்கள். வாழ்க்கையைப் பக்கத்து அறையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

கடந்த இரண்டு வருடங்களாக என் முன்னறையில் ஒரு சோடி ஸ்பென்டர் பிசி1 இருக்கிறது. 1970களின் சாமான். 25 அங்குல உயரம், அதில் பாதி அகலம். முன்பக்கத் துணியைக் கழற்றினால் 8 அங்குலக் கூம்பு ஒன்று, அதற்கு மேலே இரண்டு சின்ன ட்வீட்டர்கள். இலண்டனில் ஓய்வுபெற்ற ஒருவர் வீடு மாறும்போது மலிவாகக் கொடுத்தது. நான் படித்தது தமிழ் எம்.ஏ.; ஒலியியலுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் ஒரு பொருளைப் பிரதியாக எடுத்து வாசிக்கலாம் என்று நாமெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறோமே, அப்படியானால் இதையும் வாசிக்கத்தான் வேண்டும்.

முதலில் இன்பத்தைச் சொல்லிவிடுகிறேன். கோட்பாடு பேசுகிறவர்கள் இன்பத்தைக் கடைசியில் வெட்கத்தோடு சொல்வது வழக்கம். வானொலியில் ஒருவர் செய்தி வாசிக்கும்போது இந்தப் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு ஆள் நிற்கிறார். குரல் பெட்டிக்குள்ளிருந்து வருவதாகத் தோன்றுவதில்லை. வாசிப்பவர் கடதாசியைப் பார்க்கத் தலை குனிவதும் நிமிர்வதும் குரலில் தெரிகிறது. தனிக்குரலில் பாடும் தேவாரம், வயலின், புல்லாங்குழல் எல்லாவற்றிலும் ஒருவித ஆள்தன்மை இருக்கிறது. தவிலுக்குச் சரிவராது. வலந்தலை துல்லியமாகக் கேட்கும், தொப்பிப் பக்கத்து அடி குழைந்து போய்விடும். சத்தத்தைக் கூட்டினால் பெட்டி திணறும். அயலவரோடு ஒற்றைச் சுவரைப் பங்குபோட்டு வாழ்கிற ஆங்கில நடுத்தர வர்க்கத்து முன்னறைக்கு அளவெடுத்துத் தைத்த பொருள் இது. நம்முடைய கோயில் திருவிழாவுக்கு அல்ல.

இந்த இடத்தில் ஒரு சொற்பிரச்சினை இருக்கிறது. நாம் எல்லாவற்றையும் ‘ஒலிபெருக்கி’ என்கிறோம். பனைமரத்தில் கட்டுகிற குழாயும் ஒலிபெருக்கி, இந்த மரப்பெட்டியும் ஒலிபெருக்கி. ஆனால் இந்தப் பெட்டி எதையும் பெருக்குவதில்லை. பேசுகிற ஒருவரின் குரலை அவர் பேசிய அளவிலேயே திரும்பக் கொடுப்பதுதான் இதன் வேலை. ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அங்கே இன்னொரு வேடிக்கையும் நடந்திருக்கிறது. கை ஃபவுண்டன் என்பவர் 1926இல் தொடங்கிய நிறுவனம் டனாய். டான்டலம், அலாய் என்ற இரண்டு சொற்களை ஒட்டிச் செய்த பெயர். இந்தப் பெயர் பிரித்தானியப் பேச்சுவழக்கில் புகையிரத நிலையத்திலும் படைமுகாமிலும் உத்தரவு போடுகிற ஒலிபெருக்கிக்கே பொதுப்பெயராகிவிட்டது. அதே நிறுவனம்தான் 1947இல், பெரிய கூம்பின் நடுமையத்திலேயே மேலொலிக்கான அலகையும் வைத்து, டூயல் கான்சென்ட்ரிக் என்ற ஸ்பீக்கரைச் செய்தது. ஒலிப்பதிவுக் கூடங்களிலும் வசதியான வீடுகளின் மூலைகளிலும் அது குடியேறியது. உத்தரவின் குரலும் அந்தரங்கத்தின் குரலும் ஒரே பட்டறையில் பிறந்திருக்கின்றன. அதிகாரம் பற்றிப் பேசுகிறவர்கள் இதில் கொஞ்ச நேரம் தங்கலாம்.

பிரித்தானிய ஹை-ஃபை வரலாறு பெரிய முதலாளிகளின் கதையாகத் தொடங்கவில்லை. கில்பர்ட் பிரிக்ஸ் யோக்ஷயரில் தன் வீட்டு நிலவறையில் 1932இல் வார்ஃபடேலைத் தொடங்கினார். பீட்டர் வாக்கர் 1936இல் ஆரம்பித்த கம்பனிதான் பிறகு குவாட் ஆகியது. 1954இல் இந்த இரண்டு பேரும் இலண்டன் ராயல் ஃபெஸ்டிவல் மண்டபத்தில் ஒரு காரியம் செய்தார்கள். மேடையில் கலைஞர்கள் நேரில் வாசிப்பார்கள். அடுத்து அதே வாசிப்பின் ஒலிப்பதிவு ஸ்பீக்கர்களில் வரும். சபையே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். வியாபாரத் தந்திரம்தான், மறுக்கவில்லை. ஆனால் மூலத்தையும் நகலையும் அடுத்தடுத்து நிறுத்திக் காட்டுகிற துணிச்சல் அதில் இருந்தது. வாக்கர் 1957இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்நிலையியல் ஸ்பீக்கரில் கூம்பும் இல்லை, பெட்டியும் இல்லை. மின்னேற்றிய மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று அசைந்து பேசும். 1985 வரை அதைச் செய்தார்கள். குவாட்டின் விளம்பர வாசகம், மூல ஒலியை மிகக் கிட்டிய அணுகல் என்ற பொருளில் அமைந்தது. ‘கிட்டிய’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மூலமேதான் என்று உரிமை கோரவில்லை. நம்முடைய யதார்த்தவாதிகளை விட ஒரு விளம்பரக்காரன் அடக்கமாகப் பேசியிருக்கிறான்.

என் பெட்டிகளின் பூர்வீகம் வேறு. அது பி.பி.சி. சரே மாவட்டத்தின் கிங்ஸ்வுட் வாரனில் ஒரு பழைய மாளிகையை 1948இலிருந்து 2010 வரை பி.பி.சி.யின் ஆய்வுப்பிரிவு வைத்திருந்தது. அங்கே ஷோர்ட்டர், ஹார்வுட், ஸ்பென்சர் ஹியூஸ் போன்ற பொறியியலாளர்கள் ஸ்பீக்கர்களோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டினார்கள். கடதாசிக் கூம்புகள் ஈரப்பதனுக்கு மாறும். ஒரு தொகுதியைப் போல அடுத்த தொகுதி இராது. ஆகவே 1960களில் பெக்ஸ்ட்ரீன் என்ற பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி உறிஞ்சி வார்த்துக் கூம்பு செய்தார்கள். இன்று கேட்ட குரல் நாளைக்கும் அதே குரலாக இருக்கவேண்டும், இலண்டனில் கேட்டது மான்செஸ்டரிலும் கேட்கவேண்டும் என்பது ஒரு பொது நிறுவனத்தின் தேவை. கடைக்காரனுக்கு அது அவ்வளவு தேவையில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது பெட்டி பற்றிய அவர்களுடைய யோசனை. ஸ்பீக்கர் பெட்டியின் சுவரும் அதிரும், அதுவும் பேசும். நாம் என்ன செய்வோம்? சுவரைத் தடிப்பாக்கி வாயை அடைப்போம். தடித்த சுவர் ஊமையாவதில்லை. அதன் அதிர்வு மேலே ஏறி, காது கூர்மையாக இருக்கிற பகுதிக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று இவர்கள் கண்டார்கள். எனவே மெல்லிய ஒட்டுப்பலகையில் பெட்டி செய்து, உட்பக்கம் தார்த்தகடு ஒட்டினார்கள். பெட்டி இப்போதும் பேசுகிறது. ஆனால் காதுக்கு உறைக்காத கீழ்த்தளத்தில், தாழ்ந்த குரலில் பேசி அடங்குகிறது. குறுக்கீடே இல்லாத ஊடகம் என்று ஒன்று கிடையாது என்பதை ஏற்றுக்கொண்டு, அந்தக் குறுக்கீட்டை எங்கே வைப்பது என்று யோசித்திருக்கிறார்கள். ‘மொழி வெளிப்படையான கண்ணாடி அல்ல’ என்பதை நாம் பிரெஞ்சுக்காரரிடம் படித்த காலத்தில் இவர்கள் இதைத் தச்சுவேலையாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

இந்த ஸ்பீக்கர்களை எதைக்கொண்டு சோதித்தார்கள் என்பதுதான் என் கட்டுரையின் மையம். இசைக்குழு உண்டு, அளவுக்கருவிகள் உண்டு. ஆனால் மிகக் கடினமான பரீட்சையாக அவர்கள் நம்பியது சாதாரணப் பேச்சுக்குரல், அதிலும் ஆண்குரல். ஒரு அறையில் தெரிந்த ஒருவர் பேசுவார். அடுத்த அறையில் ஸ்பீக்கர். நேரில் கேட்டுவிட்டு வந்து இதைக் கேட்பார்கள். மறுபடி அங்கே போவார்கள். குரலில் பெட்டி ஏற்றிவிடுகிற கூடுதல் சாயலுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘நிறமேற்றம்’. நிறமேற்றம் இல்லாத ஒலிதான் இலட்சியம்.

இங்கே எனக்குக் கை துறுதுறுக்கிறது. அதே 1960களில் இலண்டன் வாடகை வீட்டு அறிவித்தல்களில் ‘நிறமுள்ளவர்’ வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். 1968ஆம் ஆண்டு இனவுறவுச் சட்டம் வரும்வரை அதைத் தடுக்கச் சட்டமில்லை. நிறமில்லாத குரல் என்றால் வெள்ளைக் குரல், நடுநிலை என்பது ஏகாதிபத்தியத்தின் முகமூடி என்று இரண்டு பக்கத்துக்கு ஒரு சொல்லாடல் பகுப்பாய்வு செய்யலாம். செய்தால் கைதட்டுவதற்கு ஆட்களும் உண்டு. ஆனால் அது பெட்டியைக் கேட்காமல் அகராதியை மட்டும் வாசிக்கிற வாசிப்பு. அந்தச் சொல்லுக்குப் பின்னால் இரண்டு அறைகளும் நடுவில் ஒரு கதவும் இருக்கின்றன. கதவருகில் நிற்பவருக்கு உள்ளே பேசுகிறவரைத் தெரியும். ‘நடுநிலை’ என்று அவர்கள் சொன்னது எங்குமே நிற்காத நிலையை அல்ல, அந்தக் கதவடியில் நிற்கிற நிலையை. அளவுகோல் ஒரு பரிச்சயம். முன்பின் தெரியாத குரலுக்கு யாரும் விசுவாசமாக இருக்க முடியாது.

கதவடியிலும் கள்ளம் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். வெளிக்கள ஒலிபரப்பு வண்டிக்குள் வைப்பதற்கென்று பி.பி.சி. வடிவமைத்தது எல்எஸ்3/5ஏ. ஒரு அடி உயரம்கூட முழுதாக இராது. இவ்வளவு சிறிய பெட்டியில் கீழொலி வரவே முடியாது. ஆனால் கீழ்நடுப் பகுதியில் ஒரு சின்ன மேடு இருக்கிறது. அதைக் கேட்கிற காது இல்லாத கீழொலியைத் தானே இட்டுநிரப்பிக்கொள்கிறது. நல்ல பொய். நல்ல புனைகதை செய்கிற வேலையும் இதுதான். வண்டிக்குள் குந்தியிருக்கிற மனுசனுக்கு அறிவிப்பாளரின் நெஞ்சு கேட்கவேண்டும் என்று பார்த்துச் செய்த பொய் என்பதால் எனக்கு அதோடு கோபமில்லை.

கோபம் வேறு இடத்தில். ஹார்வுட் முதலியோர் எழுதிய ஆய்வறிக்கைகளை பி.பி.சி. வெளியிட்டது. வானொலி, தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்த மக்கள் கட்டிய அனுமதிக் கட்டணத்தில் நடந்த ஆராய்ச்சி அது. எல்எஸ்3/5ஏயை ரோஜர்ஸ் முதலான பல கம்பனிகள் உரிமம் பெற்றுச் செய்தன. பொதுப்பணத்தில் பிறந்த ஒரு வேலைக்கருவி, 1990களின் கடைசியில் உற்பத்தி நின்றதும் பூசைப்பொருளாகிவிட்டது. தொடரிலக்கம் அடுத்தடுத்து வருகிற சோடியா, முகப்பில் எந்தக் காலத்துப் பெயர்த்தகடு, தேக்கா வால்நட்டா என்று சேகரிப்பவர்கள் மயிர் பிளக்கிறார்கள். (தேக்கு இங்கிலாந்தில் முளைக்கிற மரமல்ல என்பதைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை.) ஒரு சேகரிப்பாளர் வீட்டில் நான் மூன்று மணித்தியாலம் இருந்தேன். பெட்டிக்குப் பெட்டி மாற்றிக் காட்டினார். எல்லா ஒப்பீடும் பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையில்தான். பக்கத்து அறையில் ஒருவரும் பேசவில்லை. மார்க்ஸ் சொன்ன பண்ட வழிபாடு இதுதான் என்று முடித்துவிட்டு நாம் எழும்பிப் போகலாம், போகிறவர்கள் போகட்டும். எனக்கு அந்தக் கதவு மூடப்பட்டதுதான் உறுத்துகிறது. நூலை நூலோடும் கோட்பாட்டைக் கோட்பாட்டோடும் மட்டும் ஒப்பிட்டுப் பழகிய நமது சஞ்சிகைகளிலும் இந்த நோய் இல்லையா?

இன்னொரு மூடிய கதவும் இருக்கிறது. ஸ்பென்சர் ஹியூஸ் தொடங்கிய கம்பனி ஸ்பென்டர். ஸ்பென்சரின் முன்பாதி, மனைவி டொரத்தியின் ஒரு துண்டு. ஹார்வுட் 1977இல் தொடங்கியது ஹார்பெத். ஹார்வுட்டின் முன்பாதி, மனைவி எலிசபெத்தின் வால். இரண்டு பெயரிலும் பெண் பின்னொட்டு. சோதனைக் குரலோ ஆண்குரல். அடோர்னோ 1920களின் இறுதியில் கிராமபோன் பற்றி எழுதிய ஒரு சிறு கட்டுரையில், இயந்திரத்தில் ஆண்குரல் நன்றாக வரும், பெண்குரல் கீச்சிடும், ஏனெனில் பெண்குரலுக்கு உடம்பு கூட இருக்கவேண்டும் என்ற கருத்தைச் சொல்கிறார். அந்தக் காலத்து இயந்திரத்தின் குறையைப் பெண்ணின் குறையாக வாசித்த வாசிப்பு. பார்த் 1972இல் குரலின் மணித்தன்மை பற்றி எழுதும்போது, பாடும் உடம்பு குரலில் விட்டுச்செல்கிற தடத்தைத்தான் தேடினார். அடோர்னோவை ஒரு பெண்குரலைக்கொண்டு சோதிக்க எனக்கு ஒரு வழி இருந்தது.

1990இலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட காலம். இரவில் புஷ் ஹவுஸிலிருந்து வருகிற தமிழோசைக்காகத்தான் முக்கியமாகச் சுற்றியது. ‘பி.பி.சி. சொல்லிப்போட்டுது’ என்றால் விவாதம் முடிந்தது என்று அர்த்தம். 1941இல் தொடங்கிய அந்த வானொலிச் சேவை 2017இல் நின்றுபோனது. கிங்ஸ்வுட் வாரனில் நிறமேற்றத்தைத் துரத்திய அதே நிறுவனத்தின் குரல், எங்கள் முற்றத்தில் இரைச்சலும் விசிலும் கலந்து, முழுக்க முழுக்க நிறமேறி வந்து சேர்ந்தது. நாங்கள் நம்பினோம். நம்பிக்கைக்கும் ஒலித்துல்லியத்துக்கும் பெரிய உறவில்லை என்பது அப்போதே தெரிந்த சங்கதிதான்.

அதே டைனமோவில் ரேப் ரெக்கோடரை ஓடவிட்டு, 1994இல் அம்மம்மா இலண்டனிலிருந்த மாமாவுக்கு ஒரு கசெற் கடிதம் பேசினா. கிளாலிக் கடலால் கொழும்புக்குப் போன ஒருவர் கையில் கொடுத்துவிட்டது. அம்மம்மா இப்போது இல்லை. மாமா அதைப் பிஸ்கற் ரின்னுக்குள் வைத்திருந்தார். அவரிடமிருந்த சின்னப் பிளாஸ்டிக் பிளேயரில் போட்டால் குரல் இடையிடையே கீச்சிடும். ரேப் பழுதாய்ப்போச்சு என்பது அவருடைய முடிவு. பிசி1இல் போட்டுக் கேட்டேன். ரேப் பழுதில்லை. பின்னால் சங்கிலியின் கிறீச்சு, ஒரு தாளத்தோடு, மெல்லியதாக ஓடுகிறது. தாளம் தளர்கிற இடத்திலெல்லாம் அம்மம்மாவின் குரல் மேலே ஏறுகிறது. சுற்றுகிறவர் களைக்க, பதிவு மெதுவாகியிருக்கிறது. இங்கே அது சரியான வேகத்தில் ஓடும்போது குரல் உயர்ந்து ஒரு சின்னப் பிள்ளையின் குரலாகிறது. பிறகு அவர் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சுற்ற, குரல் இறங்கி அம்மம்மாவிடம் திரும்புகிறது. சுற்றியது யாரென்று கசெற்றில் இல்லை. அம்மம்மா ஒரு இடத்தில் மட்டும் ‘கை மாத்தடா’ என்கிறா. பெண்குரலுக்கு உடம்பு வேண்டும் என்றார் அடோர்னோ. இந்தக் குரலுக்கு இரண்டு உடம்புகள் இருந்திருக்கின்றன, ஒன்று பேசிய உடம்பு, மற்றது பெடல் சுற்றிய உடம்பு. மாமாவின் பிள்ளைகள் இலண்டனில் பிறந்தவர்கள். அவர்களும் கேட்டார்கள். ‘கிளியர்’ என்றார்கள். அவர்களுக்கு இது தெளிவான ஒரு கிழவியின் குரல். பெட்டி ஒன்றுதான், கதவின் மற்றப் பக்கம் போய் வந்த காது என்னிடம் மட்டும் இருந்தது.

இந்தக் கசெற்றால்தான் ஒரு தொழில்நுட்பச் சண்டையிலும் எனக்குத் தீர்ப்புச் சொல்ல முடிந்தது. இந்தப் பெட்டிகளுக்குள் மேலொலியையும் கீழொலியையும் பிரித்து அனுப்புகிற ஒரு சுற்று இருக்கிறது. அதிலுள்ள கப்பாசிற்றர்கள் 40, 50 வருடத்தில் காய்ந்து பலமிழக்கும், மேலொலி மங்கும். மாற்றலாமா கூடாதா? மாற்றினால் ‘மூலம்’ போய்விடும் என்கிறார்கள் சேகரிப்பாளர்கள்; அந்த மங்கலைத்தான் ‘பழைய பிரித்தானிய இனிமை’ என்று விற்கிறார்கள். இது எங்களுடைய பழைய பதிப்புச் சண்டைதான். சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றும்போது அவர் கையிலிருந்தவை செல்லரித்த ஏடுகள். செல் தின்ற இடத்தையும் மூலம் என்று அவர் வணங்கிக்கொண்டிருந்திருந்தால் நமக்கு நூல் கிடைத்திராது. ஏடு மூலமல்ல, ஏட்டில் இருந்த பாட்டுத்தான் மூலம்.

ஒரு பெட்டியில் மட்டும் அதே அளவுள்ள புதிய கப்பாசிற்றர்களை மாற்றினேன். கசெற் ஒற்றைத்தடப் பதிவு, இரண்டு பெட்டிக்கும் ஒரே குரல்தான் போகும். எனவே இடம் வலம் என்று மாறிமாறிக் கேட்கலாம். மாற்றாத பெட்டியில் அம்மம்மா இதமாக, சேகரிப்பாளர்கள் சொல்கிற அந்த வெதுவெதுப்போடு பேசுகிறா. புதுக் கப்பாசிற்றர் போட்டதில் ஒவ்வொரு ‘ச’வுக்கும் ஒரு காற்று சீறுகிறது. அம்மம்மாவுக்கு முன்பல் இரண்டும் இல்லை. ‘சாப்பிட்டியோ’ என்று கேட்டால் அந்த ஓட்டைக்குள்ளால் ஒரு விசில் வரும். சின்னவயதில் நாங்கள் அதைப் பழித்துக் காட்டி அடிவாங்கியிருக்கிறோம். மற்றப் பெட்டியின் பின்பலகையை வாற கிழமை கழற்றவேண்டும், ஆணிகள் துருப்பிடித்து இறுகிக் கிடக்கின்றன.